11 வருட நீச்சல், நல்ல பிடிவலு, ஆனால் முதுகெலும்பு −2.3. எப்படி?

நீலக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை படித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்று 4 வருடம் ஆகிறது. 11 வருடமாக வாரத்தில் 5 நாள் காலையில் நீந்துகிறேன், ஒரு நாளைக்கு 1500 மீட்டர். நோய் என்று பெரிதாக எதுவும் இல்லை, மாத்திரையும் இல்லை. போன வருடம் அம்மா வீட்டுக்குள்ளேயே, அறை வாசலில் திரும்பும்போது கால் இடறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அவருக்கு 81 வயது. அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த மருத்துவர், "நீங்களும் ஒரு டெக்சா ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்" என்று என்னிடம் சொன்னார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே அது. ஒரு வருடம் தள்ளிப்போட்டுப் போன வாரம்தான் எடுத்தேன்.

கீழ்முதுகெலும்பு டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண், கீழே போகப் போக மோசம்) −2.3. தொடை எலும்புக் கழுத்து −1.9. தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள் சரிவாக இறங்குகின்றன. மஞ்சளின் அடியில், சிவப்பைத் தொட்டும் தொடாமலும் ஒரு சின்னக் கட்டம். அதுதான் நான். மூன்று நாளாக அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். இரண்டு மாதம் முன்பு தோள்வலிக்காக ஒரு பிசியோவிடம் போயிருந்தேன். அவர் பிடிவலு பார்க்கும் கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலது கையில் 31 கிலோ வந்தது. "உங்கள் வயதுக்கு ரொம்ப நல்ல பிடி" என்றார். தசை வலுவாக இருந்தால் எலும்பும் வலுவாக இருக்கும் என்றுதானே எங்கே படித்தாலும் போட்டிருக்கிறது? இவ்வளவு வருடம் நான் ஒரு நாளும் சோம்பி இருந்ததில்லை. அப்படியிருந்தும் எலும்பு ஏன் இப்படி?

ஸ்கேன் முடிவைப் பார்த்த மருத்துவர் "எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எவ்வளவு எடை, எப்படி, நீச்சலை விட்டுவிட வேண்டுமா, எதுவும் கேட்க நேரம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள், இதே வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்த இடத்துக்கு நான் போய்விடக் கூடாது.


சுமைதாங்கி எழுதியது:

அக்கா, வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். 16 வருடமாகப் பெரும்பாலும் 50 தாண்டியவர்களோடுதான் வேலை. உங்கள் கேள்வி நியாயமானது. இதே கேள்வியோடு நீந்துபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

தசைக்கும் எலும்புக்கும் உறவு உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் உங்கள் தசையில் எவ்வளவு வலு இருக்கிறது என்பது எலும்புக்குத் தெரியாது. தன்மேல் எவ்வளவு சுமை விழுந்தது, எவ்வளவு வேகமாக விழுந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எலும்புக்குள்ளே ஆஸ்டியோசைட் என்ற செல்கள் நுண்ணிய கால்வாய்களில் உட்கார்ந்திருக்கின்றன. சுமை ஏறும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, அந்தக் கால்வாய்களில் இருக்கும் திரவம் நகர்கிறது, அந்த ஓட்டத்தை இந்தச் செல்கள் உணர்ந்துகொள்கின்றன. உடனே ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரப்பதைக் குறைக்கின்றன. எலும்பு கட்டும் வேலைக்கு அந்தப் புரதம்தான் கடிவாளம். கடிவாளம் தளர்ந்தால் எலும்பு கட்டும் செல்கள் வேலையைத் தொடங்கும். சுமையே வரவில்லை என்றால் கடிவாளம் இறுகிவிடும். விண்வெளி வீரர்கள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இடுப்பெலும்பு அடர்த்தியை இழப்பது இதனால்தான். அங்கே உடல் எடை என்று ஒன்று கிடையாது.

இப்போது நீச்சலுக்கு வருவோம். தண்ணீர் உங்கள் எடையைத் தாங்கிக்கொள்கிறது. கையும் தோளும் நன்றாக இழுக்கின்றன, இதயமும் நுரையீரலும் நன்றாக வேலை செய்கின்றன, பிடிவலுவும் வருகிறது. ஆனால் கீழ்முதுகும் தொடைக் கழுத்தும் அந்த நேரம் முழுக்க மிதக்கின்றன. நீச்சல் வீரர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில் அவர்களுடைய எலும்பு அடர்த்தி, விளையாட்டே இல்லாதவர்களுடையதை ஒட்டித்தான் வருகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ், பளுதூக்குதல் செய்பவர்களுக்கு அப்படி இல்லை, தெளிவாகக் கூடுதலாக இருக்கும்.

சுமை எந்த எலும்பில் விழுகிறதோ அந்த எலும்புதான் கெட்டிப்படும். 1977-ல் தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் மேற்கை எலும்பை எக்ஸ்ரேயில் அளந்தார்கள். மட்டை பிடிக்கும் கையில் எலும்பின் வெளிச்சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்கு 35 சதவீதமும் பெண்களுக்கு 28 சதவீதமும் தடிமன் அதிகம். இரண்டு கைக்கும் ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன், ஒரே சாப்பாடு. வேறுபாடு பந்தை அடிப்பதில் மட்டும்தான்.

இன்னொன்று சொல்கிறேன், 1500 மீட்டர் நீந்தும் உங்களுக்கு இது முக்கியம். ரூபின், லான்யன் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1984-ல் பறவையின் சிறகெலும்பு ஒன்றைத் தனியாகப் பிரித்து, அதன்மேல் நாளுக்கு இத்தனை தடவை என்று எண்ணிச் சுமை ஏற்றினார்கள். நாளுக்கு 4 தடவை ஏற்றினாலே எலும்பு கரையாமல் நின்றது. 36 தடவையில் நன்றாக வளர்ந்தது. 1800 தடவை ஏற்றியும் அதற்குமேல் எதுவும் கூடவில்லை. ஒரே மாதிரியான சுமை திரும்பத் திரும்ப வந்தால் எலும்பு காது கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. அதற்கு எண்ணிக்கை பெரிதில்லை. கனமான, வழக்கமில்லாத சுமை கொஞ்சத் தடவை விழுந்தால் போதும்.

"அப்படியானால் தசைக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். பெரிய வேலை இருக்கிறது. எலும்பின்மேல் அதிகச் சுமையைப் போடுவதே தசைதான். ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். உடல் எடை இடுப்பு மூட்டிலிருந்து விலகி உள்பக்கமாக இருக்கிறது. உடல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க இடுப்பின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தசைக்கும் மூட்டுக்கும் தூரம் குறைவு, அதனால் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையில் இழுத்தால்தான் முடியும். எல்லாம் சேர்ந்து அந்த மூட்டின்மேல் விழுவது உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. 60 கிலோ ஆள் சும்மா ஒரு காலில் நிற்கும்போதே 150 கிலோவுக்கு மேல்! பாதிக்கு மேல் தசை போட்ட சுமை. வலுவான தசைக்குத்தான் எலும்பைச் சரியாக அழுத்தத் தெரியும். பல ஆய்வுகளில் தசை வலு கூடியவர்களுக்கு எலும்பு அடர்த்தியும் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு காரணம் என்றுதான் சொன்னேன். பரம்பரை, இளமையில் ஓடியாடியது, உடல் பருமன், ஹார்மோன், வைட்டமின் டி இவை எல்லாம் தசை, எலும்பு இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கிவிடும், அல்லது இறக்கிவிடும். அதனால் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் பிடிவலுவும் எலும்பும் கூடவே போவதுபோல் தெரியும். தனி ஒருவரை எடுத்துக்கொண்டு பிடிவலுவை வைத்து முதுகெலும்பைக் கணிக்க முடியாது. உங்கள் 31 கிலோ பொய் இல்லை. ஆசிய நாடுகளுக்கான தசைநலிவுக் குழு 2019-ல் வைத்த வரம்புப்படி பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால்தான் பலவீனம். நீங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் மேலே இருக்கிறீர்கள். அந்த வலு முதுகுக்கும் இடுப்புக்கும் சுமையாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கூடவே மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் இறங்கி, எலும்பைக் கரைக்கும் செல்களின் கை ஓங்கிவிடும். முதல் சில வருடங்களில்தான் இழப்பு அதிகம். நீங்கள் இப்போது நிற்பது அந்த வருடங்களில்.

நீச்சலை விடாதீர்கள். தோளுக்கும் மூச்சுக்கும் மனதுக்கும் அது வேண்டும். 5 நாளில் 2 நாளைத் தரையில் செய்யும் பயிற்சிக்குக் கொடுங்கள்.


நீலக்கோடு எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி தம்பி. டென்னிஸ் விஷயத்தைப் படித்தபோதுதான் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. "நான் என்ன தப்பு செய்தேன்" என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக் காலில் நின்று இடுப்பில் கையை வைத்தும் பார்த்தேன். அந்தப் பக்கத் தசை கல்லாக இறுகுவது விரலுக்குத் தெரிகிறது.

ஆனால் பயமாகவும் இருக்கிறது. ஏற்கெனவே எலும்பு மெலிந்திருக்கிறது என்று தாளில் போட்டிருக்கிறார்கள், அதன்மேல் போய்க் கனத்தை ஏற்றினால் முறியாதா? நேற்று வீட்டில் 5 கிலோ டம்பெல் ஒன்றைத் தரையிலிருந்து எடுத்தேன். எடுக்கும்போது முதுகு வளைந்தது, பாதியிலேயே வைத்துவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், "வேண்டாம், வை" என்றார். எவ்வளவு எடையில் தொடங்குவது?


பின்கட்டு எழுதியது:

நீலக்கோடு, உங்களைவிட 12 வயது மூத்தவள் நான். எனக்கு 63 வயதில் முதுகெலும்பு −2.7. மாத்திரையும் உண்டு, எடைப் பயிற்சியும் உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். அதனால் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் பயிற்சியாளர் என் கையில் எடையே கொடுக்கவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னார். 6 தடவையில் தொடை நடுங்கியது. மூன்றாவது வாரம் அதே நாற்காலியில் 15 தடவை. நான்காவது மாதம் தரையிலிருந்து 20 கிலோ தூக்கினேன். 14 மாதத்தில் 50 கிலோ. 50 கிலோவைத் தூக்கி நிமிர்ந்து நின்ற அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கல்யாண நாளில் நானே 46 கிலோதான் இருந்தேன்.

அப்புறம் இரண்டு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தேன். மூன்று மடங்கு வலு கூடியிருக்கிறதே, எலும்பும் அப்படியே ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். −2.7 என்பது −2.5 ஆகியிருந்தது. இடுப்பு பழைய இடத்திலேயே. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மருத்துவர்தான் கூப்பிட்டுப் புரியவைத்தார். இந்த வயதில் ஒன்றும் செய்யாமல் இருந்தால் வருடா வருடம் இறங்கிக்கொண்டே இருக்கும், அது நின்றதே பெரிய காரியம், கொஞ்சம் ஏறியிருப்பது அதற்கு மேல் என்றார். இதைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் என்ற ஆய்வையும் அவர்தான் சொன்னார். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள். வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம், கனமான எடை, 8 மாதம். 2018-ல் வெளிவந்தது. எடை தூக்கியவர்களுக்கு முதுகெலும்பு சராசரியாக 2.9 சதவீதம் ஏறியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. சதவீதத்தில் பார்த்தால் சின்ன எண்தான். ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் இறங்குகிறது, அந்த இடைவெளிதான் விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றை எந்த ஸ்கேனும் காட்டாது. போன மழையில் ஈரப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தைய படியில் செருப்பு வழுக்கி இடது கால் முன்னே ஓடிவிட்டது. முன்பென்றால் அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்திருப்பேன். அன்று வலது தொடை தானாகப் பிடித்துக்கொண்டது. ஒரு காலில், பாதி மடங்கிய நிலையில், கைப்பிடிச் சுவரைத் தொடக்கூட நேரமில்லாமல் நின்றேன். அப்புறம் அப்படியே நிமிர்ந்தேன். ஜிம்மில் நூறு தடவை செய்த அதே அசைவு! இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விழுவதால்தான் வருகின்றன. விழாமல் இருந்தால் எலும்புக்கு அந்தப் பரீட்சையே வராது. அன்று இரவு என் பிள்ளைக்குப் போன் செய்து இதைச் சொன்னேன், அவனுக்கு முதலில் புரியவில்லை, "விழவில்லைதானே அம்மா, அப்புறம் என்ன?" என்றான்.


நிழற்படம் எழுதியது:

டெக்சா எடுக்கும் பிரிவில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். சிகிச்சை பற்றிச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஸ்கேன் பற்றி மட்டும் நான்கு வார்த்தை.

டி-ஸ்கோர் என்பது உங்களை ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிடும் எண். இசட்-ஸ்கோர் உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடும். தாளில் அதுவும் இருக்கும், பாருங்கள். அது −2-க்கும் கீழே இருந்தால் வயதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார். தைராய்டு, பாராதைராய்டு, வைட்டமின் டி, நீண்ட நாள் ஸ்டீராய்டு இப்படி. உலக சுகாதார அமைப்பு 1994-ல் வைத்த எல்லைப்படி −1-க்கும் −2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்திக் குறைவு, −2.5-லும் அதற்குக் கீழேயும் எலும்புப்புரை. உங்களுடையது எலும்புப்புரை இல்லை. அதற்காக அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். எலும்பு முறிந்து வருபவர்களில் பலருக்கு டி-ஸ்கோர் −2.5-ஐத் தொட்டிருக்காது. ஏனென்றால் நடு வரம்பில்தான் ஆட்கள் அதிகம்.

மறுபடி எடுக்கும்போது அதே இயந்திரத்தில் எடுங்கள். வேறு இயந்திரத்து எண்ணோடு ஒப்பிடவே கூடாது. இடுப்பு எடுக்கும்போது காலை உள்பக்கமாகத் திருப்பி ஒரு கட்டையில் கட்டுவோம், ஞாபகம் இருக்கிறதா? 15 முதல் 25 டிகிரி திருப்ப வேண்டும். அப்போதுதான் தொடைக் கழுத்து படத்தில் நேராக விழும். ஒரு தடவை சரியாகத் திருப்பி, மறு தடவை விட்டுவிட்டால் எலும்பு மாறாமலே எண் மாறிவிடும். கால் தளர்ந்திருப்பதுபோல் தெரிந்தால் நீங்களே கேளுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். 0.1, 0.2 மாற்றம் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு இடுப்பு முறிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஃப்ராக்ஸ் என்று 10 வருட முறிவு வாய்ப்பைக் கணக்கிடும் ஒரு முறை இருக்கிறது, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பு முறிந்ததா என்பது அதில் தனிக் கேள்வி. அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.


சுமைதாங்கி எழுதியது:

நிழற்படம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அக்கா, கனத்தைத் தொடுவதற்கு முன்னால் ஃப்ராக்ஸ், வைட்டமின் டி இரண்டையும் பார்த்துவிடுங்கள். உயரம் குறைந்திருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தால், சத்தமில்லாமல் முதுகெலும்பு ஏதாவது நசுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்ப்பது நல்லது. வைட்டமின் டி ரொம்பக் குறைந்தால் எலும்பு மட்டும் இல்லை, தொடைத் தசையும் தளரும். நாற்காலியிலிருந்து எழவே கஷ்டப்படுவார்கள்.

"முறியாதா?" என்று கேட்டீர்கள். நீங்கள் 5 கிலோவைப் பாதியில் வைத்தது சரிதான். தப்பு எடையில் இல்லை, வளைந்த முதுகில். 1984-ல் சினாகி என்ற மருத்துவர், முதுகெலும்பில் எலும்புப்புரை இருந்த பெண்களைப் பயிற்சி வாரியாகப் பிரித்துப் பல வருடம் கழித்து எக்ஸ்ரே பார்த்தார். முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியிருந்தது. பின்பக்கம் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்த இரண்டு எண்களை நான் மறப்பதில்லை. படுத்திருந்து எழும் வயிற்றுப் பயிற்சி, குனிந்து கால்விரலைத் தொடுவது, கனத்தோடு முறுக்குவது, இந்த மூன்றும் உங்களுக்கு வேண்டாம். முதுகை நிமிர்த்தும் தசைக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும்.

குனியக் கற்றுக்கொள்வது இப்படி. ஒரு நீளக் குச்சியை முதுகோடு வைத்துப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். குச்சி மூன்று இடத்தில் தொட வேண்டும், பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, புட்டத்தின் மேல் எலும்பு. இப்போது முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னே கொண்டுபோங்கள். மூன்று இடமும் ஒட்டியே இருக்கும்வரைதான் உங்கள் எல்லை. ஒரு இடம் விலகியதும் நிறுத்தி எழுந்துவிடுங்கள். வாரம் முழுக்க இதையே செய்யுங்கள், எடை வேண்டாம். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரியும், கீழ்முதுகு அமைதியாக இருக்கும். அது வந்த பிறகுதான் கையில் எடை.

லிஃப்ட்மோரில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் எடை தள்ளுவது, அப்புறம் கம்பியில் எம்பி இறங்கும் ஒரு குதிப்பு, இவ்வளவுதான். 5 செட், ஒவ்வொன்றிலும் 5 தடவை. ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற எடையில் 85 சதவீதத்துக்கு மேல். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அவர்களும் முதல் மாதம் லேசான எடையில் அசைவைத்தான் கற்றார்கள். எல்லாமே பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, சின்னக் குழுவாக நடந்தது. அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அந்த எடைக்குப் போகவே போகாதீர்கள். எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று உண்டு. 5 தடவை தூக்கி வைத்த பிறகு "இன்னும் இரண்டு தடவை முடியும், மூன்றாவது முடியாது" என்று தோன்ற வேண்டும். "இன்னும் பத்து தடவை தூக்கலாம்" என்றால் தசைக்கு ஏதோ கிடைக்கும், எலும்பின் காதில் விழாது.

பின்கட்டு அம்மா சொன்ன காத்திருப்பு உண்மை. முதல் 6, 8 வாரத்தில் கூடும் வலுவில் பெரும்பங்கு நரம்பு கற்றுக்கொள்வது. தசை பெருக்க மாதங்கள் ஆகும். எலும்பு பழையதைக் கரைத்துப் புதிதாகக் கட்டி அதில் கனிமம் ஏற அரை வருடத்துக்கும் மேலே போகும். அதனால்தான் ஒரு வருடம் ஆவதற்குள் மறுபடி ஸ்கேன் எடுப்பதில் அர்த்தம் இல்லை என்கிறோம். நிறுத்திவிட்டால் வந்தது மெல்லப் போய்விடும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.


நீலக்கோடு எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, என்ன ஆயிற்று என்று சொல்ல வந்தேன். ஃப்ராக்ஸ் போட்டார்கள், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார் மருத்துவர். வைட்டமின் டி குறைவு, அதற்கு மருந்து கொடுத்திருக்கிறார். உயரம் 1 சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஒரு பயிற்சியாளரிடம் போகிறேன். முதல் வாரம் குச்சி மட்டும். எனக்குப் பின்தலைதான் விலகிக்கொண்டே இருந்தது, நீச்சல் பழக்கத்தில் தலையைத் தூக்கி முன்னால் பார்க்கிறேன் என்று அவர் கண்டுபிடித்தார். இந்த வெள்ளிக்கிழமை 16 கிலோ கெட்டில்பெல்லை (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒரு பெட்டிமேல் வைத்து, அங்கிருந்து தூக்கினேன். 5 தடவை. முதுகு வளையவில்லை. குதிகாலில் எடை இறங்குவது தெரிந்தது, தண்ணீரில் 11 வருடமாக அது தெரிந்ததே இல்லை.

இப்போது ஒரு கேள்வி, எனக்காக இல்லை. அம்மாவை நேற்று நாற்காலியிலிருந்து 5 தடவை உட்கார்ந்து எழச் சொல்லிக் கடிகாரத்தில் பார்த்தேன். பக்கத்திலேயே நின்றேன். 23 நொடி ஆயிற்று, கடைசி இரண்டு தடவை கைப்பிடியை ஊன்றித்தான் எழுந்தார். 82 வயதில், ஒரு தடவை இடுப்பு முறிந்தவருக்கு இதெல்லாம் முடியுமா? அவரே கேட்கிறார்.


சுமைதாங்கி எழுதியது:

அவரே கேட்கிறாரா? அப்படியானால் தாராளமாகத் தொடங்கலாம். 1990-ல் வெளியான ஓர் ஆய்வில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி எண்ணைத் துரத்த வேண்டாம், எழுவதும் திரும்புவதும் போதும்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதல் சில தடவை ஒரு பிசியோவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அதுவரை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நகரக் கூடாது. உட்காரும் இடத்தில் ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கையை ஊன்றாமல் எழ முடிகிற உயரம்தான் அவருடைய தொடக்கம். காலையில் 5, மாலையில் 5. எழும்போது வேகமாக, உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. அது சுலபமானதும் மெத்தையைக் கொஞ்சம் மெல்லியதாக மாற்றுங்கள். வாசலில் திரும்பும்போதுதான் விழுந்தார் என்றீர்களே, ஒரே காலில் சுழலாமல் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புவதையும் வாக்கரோடு பழக்குங்கள். ஒரு மாதம் கழித்து அதே நாற்காலி, அதே கடிகாரம். எத்தனை நொடி என்று இங்கே எழுதுங்கள்.